செகாவாவின் ஆள்காட்டி விரல்

பேஸ்பாலில் பந்து வீசுகிற பிட்சரைப் புருஷன் என்றும், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பிடிக்கிற கேட்சரைப் பெண்டாட்டி என்றும் சொல்வது ஜப்பானில் எங்களுக்குள் பழகிப்போன கேலி. செதோ அணியின் செகாவா தொமொனொரியையும் அரிமுரா ஹிசாஷியையும் பார்த்தவர்களுக்கு அது கேலியாகவே தோன்றாது. எந்தப் பந்து வேண்டும் என்று அரிமுரா விரலால் சைகை காட்டுவான், செகாவா வீசுவான். மற்ற பிட்சர்கள் சைகை பிடிக்காவிட்டால் தலையை ஆட்டி மறுப்பார்கள். செகாவா மறுத்து யாரும் பார்த்ததில்லை. "செகாவா வீட்ல பொம்பள ராஜ்யம்டோய்!" என்று பீர் குடித்தவர்கள் கேலரியிலிருந்து கத்துவார்கள். செகாவா தொப்பியைத் தொட்டுச் சிரிப்பான். அவனுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, உள்ளூரப் பெருமைதான்.

எஹிமேயில் கடலைப் பார்த்த சரிவில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவரின் மகன் அவன். உயரம் இருந்தது, தோளில் பலம் இருந்தது, பந்து எங்கே போகும் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது. நாட்டிலுள்ள பள்ளிகளெல்லாம் மோதும் கோஷியென் போட்டிப் பக்கம் அவன் பள்ளிக்கூட அணி தலைவைத்துப் படுத்ததில்லை. இருந்தும் புது ஆள் எடுக்கும்போது செதோ அணி அவனைக் கடைசிச் சுற்றில் எடுத்தது. புறப்படுகிற அன்று அப்பா, "வேகமா எறியிறே, சரி. யார் மேலயும் படாம எறி. நஷ்டஈடு கட்ட நம்மகிட்ட தோட்டம் ஒண்ணுதான் இருக்கு" என்றார். அதுதான் அவர் கொடுத்த ஆசீர்வாதம்.

இரண்டாம் அணியில் அவன் வீசிய பந்துகள் கேட்சரின் தலைக்கு மேலே பறந்து வலையில் போய் மோதின. பிடிக்க வருகிறவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சுளிக்காதவன் ஒருவன்தான், அவனைவிட இரண்டு வயது மூத்த அரிமுரா. அவனும் அங்கே வாய்ப்புக் கிடைக்காமல் ஊறிக்கொண்டிருந்தவன். ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி, சட்டையில் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பான்.

"சாரிண்ணே."

"எதுக்குடா சாரி? எனக்கும் ஓடுற பயிற்சி வேணும்ல. இப்ப இதைக் கேளு. உன் வேகப்பந்து வர்றது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. ஒரு விழுபந்து கத்துக்க. ரெண்டையும் ஒரே மாதிரி வீசு. நான் உன்னை மேல கூட்டிட்டுப் போறேன்."

விழுபந்து என்பது விரல்களை விரித்து, நடுவில் பந்தை இடுக்கி வீசுவது. வேகப்பந்து மாதிரியே வரும். மட்டையை ஓங்கும் நேரத்தில் காலடியில் பொத்தென்று விழும். எது வருகிறது என்று அடிப்பவனுக்குத் தெரியாதவரை அதைப் போல ஒரு ஆயுதம் கிடையாது. தெரிந்துவிட்டால் அதைவிடச் சப்பையான பந்தும் கிடையாது, தொடாமல் விட்டால் தப்புப் பந்து என்று பிட்சர் கணக்கில் ஏறிவிடும். அரிமுரா முழங்கால் வீங்க வீங்கக் குந்தி உட்கார்ந்து அதை அவனுக்குப் பழக்கினான். சொன்னபடியே இருவரும் ஒரே கோடையில் முதல் அணிக்கு ஏறினார்கள். பிறகு பத்து ஆண்டுகள் செதோ அணியின் முதன்மைப் பிட்சர் செகாவாதான், அவனுக்குக் கேட்சர் அரிமுராதான்.

செகாவா சிசூருவைக் கட்டிக்கொண்டபோது விருந்தில் எழுந்து பேசியவனும் அரிமுராதான். "சிசூரும்மா, இவனுக்கு மூத்த சம்சாரம் நான். நீ இளையவ. சண்டை வேண்டாம், பகல்ல எனக்கு, மத்த நேரம் உனக்கு" என்றான். மணமேடையில் இருந்த சிசூரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செகாவா அழுதுவிட்டான். எதற்கெடுத்தாலும் அழுகிற ஆள் அவன்.

இப்படிப்பட்ட ஜோடியை அணி நிர்வாகம் ஒரு இலையுதிர் காலத்தில் வெட்டிப் போட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து பெயர்பெற்ற இளம் கேட்சர் ஒருவன் வந்தான். அரிமுராவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஹொகுரிகு அணிக்கு மாற்றியாகிவிட்டது என்றார்கள். டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ரயில் நிலையத்தில் செகாவா அவன் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "வருத்தப்படாதடா. ஜனவரில சேர்ந்துதானே பயிற்சி பண்ணுவோம்" என்று அரிமுரா முதுகில் தட்டினான்.

ஜனவரி மாதம் ஆட்டக்காரர்களுக்குச் சொந்தம். பிப்ரவரியில் முகாம் தொடங்கும்வரை எந்த அணியும் யாரையும் கேள்வி கேட்காது. அவரவருக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்து உடம்பைத் தயார் செய்வார்கள். மார்ச் வந்தால் எதிரெதிரே நிற்கப்போகிறவர்கள் ஜனவரியில் ஒரே பானையில் சாப்பிடுவார்கள். செகாவாவும் அரிமுராவும் எஹிமேயில், அப்பாவின் தோட்டத்துக்குக் கீழே இருந்த ஊராட்சி மைதானத்தில், எப்போதும் சேர்ந்தே பயிற்சி செய்தவர்கள். அணி மாறிய பிறகும் அது நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு ஹொகுரிகுவோடு மோதியபோது செகாவா செம அடி வாங்கினான். மற்ற அணிகளை வழக்கம்போல மடக்கினான். ஹொகுரிகு வந்தால் மட்டும் விழுபந்தை ஒருவனும் தொடவில்லை. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா பார்த்தார்கள். வேகப்பந்து வந்ததும் வெளுத்துக் கட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு மற்ற அணிகளும் அப்படியே அடிக்க ஆரம்பித்தன. பேப்பர்காரர்கள் வயதாகிவிட்டது என்று எழுதினார்கள்.

செதோவின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் முராஒகா மட்டும் வேறு ஒன்று சொன்னார். அதிகம் பேசாத, எப்போதும் புதினா மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கிற மனிதர்.

"செகாவா, உன் விழுபந்து எங்கயோ வெளிய தெரியுதுப்பா. எங்கன்னு எனக்குப் பிடிபடலை. கையுறைப் பக்கம்னு தோணுது. கொஞ்ச நாள் வேற கையுறை போட்டுப் பாரேன்."

செகாவாவுக்கு அது உறுத்தியது. ஜனவரியில் அரிமுரா வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டான்.

"அண்ணே, என் பந்து முன்னாடியே தெரியுதாம். கோச் சொல்றாரு. நீங்க உக்காந்து பாருங்க. என்னைவிட என்னை உங்களுக்குத்தானே தெரியும்."

இங்கேதான் வாசிக்கிறவர்களுக்குக் கோபம் வரும். எதிரணிக்காரனிடம் போய் என் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எவனாவது கேட்பானா? செகாவா கேட்டான். அவனைப் பொறுத்தவரை அரிமுரா எதிரணிக்காரன் இல்லை. எங்கள் ஆட்டத்தில் இந்த மாதிரி முட்டாள்தனம் நிறைய உண்டு. ஜனவரி எங்களை அப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறது.

அரிமுரா குந்தி உட்கார்ந்தான். செகாவா வேகப்பந்தும் விழுபந்துமாக மாற்றி மாற்றி வீசினான். காலை முழுக்க வீசினான். கடைசியில் அரிமுரா முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தான்.

"ஒண்ணும் தெரியலடா. சுத்தமா இருக்கு."

"கையுறை?"

"கையுறைல என்னடா இருக்கு? ராசியான கையுறை, அதைப் போய் மாத்துவியா? கோச்சுங்களுக்கு ஏதாவது சொல்லணும், சொல்றாங்க. உன் பிரச்சினை வேற. கை கீழ இறங்கிடுச்சு. தோளை இன்னும் மேல தூக்கி வீசு."

அன்று சிசூரு மாட்டிறைச்சியும் முள்ளங்கியும் கொதிக்கக் கொதிக்கப் பானையோடு வைத்தாள். அரிமுரா மூன்று கிண்ணம் சாப்பிட்டான். ஊருக்குக் கிளம்பும்போது அவன் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி ஆரஞ்சு கட்டிக் கொடுத்தாள்.

முகாமில் முராஒகா மறுபடியும் கையுறைப் பேச்சை எடுத்தார். இளம் பிட்சர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். செகாவா வெடித்துவிட்டான். "பத்து வருஷம் என் பந்தைப் பிடிச்சவரு பார்த்துட்டு ஒண்ணும் இல்லங்கறாரு. நீங்க வேலிக்கு அந்தாண்ட நின்னு கண்டுபிடிச்சிட்டீங்களாக்கும்?"

முராஒகா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "சரிப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

செகாவா தோளைத் தூக்கி வீசினான். உடம்புக்கு ஒவ்வாத கோணம். ஜூலையில் ஒரு பந்தை வீசி முடித்தபோது முழங்கைக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவனுக்கே கேட்டது. அறுவை சிகிச்சை. முதன்மைப் பிட்சரைக் கெடுத்தவர் என்று முராஒகாவை அந்த வருஷக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரிமுரா ஆஸ்பத்திரிக்கு முலாம்பழத்தோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். "அவசரப்படாதடா. ஜனவரிக்கு நான் வரேன்" என்றான். சொன்னபடி வந்தான். அடுத்த ஜனவரியும் வந்தான். செகாவா திரும்பி வந்து வீசினான், அடி வாங்கினான், இரண்டாம் அணிக்கு இறங்கினான், மறுபடி ஏறினான், மறுபடி அடி வாங்கினான். ஒவ்வொரு ஜனவரியும் கேட்டான். ஒவ்வொரு ஜனவரியும் அரிமுரா குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றான்.

ஒரு அக்டோபரில் கோட் சூட் போட்டு வரச்சொல்லி ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. கோட் சூட் என்றாலே எங்களுக்குப் புரிந்துவிடும். அடுத்த ஆண்டுக்கு நீங்கள் எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். செகாவா குனிந்து வணங்கிவிட்டு வந்தான்.

அந்த வாரமே அரிமுரா போன் செய்தான். ஆட்டத்தை விட்டுவிட்டு ஹொகுரிகுவில் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தான்.

"எங்க அணிக்கு வந்துடு. பயிற்சில அடிக்கறதுக்குப் பந்து வீசற ஆள் ஒருத்தர் வேணும். நான் பேசிட்டேன்."

அடிக்கிறவர்கள் தினமும் காலையில் அடித்துப் பழகுவதற்கு, அவர்களுக்கு வசதியான இடத்தில் மெதுவாகப் பந்து போட்டுக்கொடுக்கிற வேலை அது. ஒரு காலத்தில் அடிக்க விடாமல் தடுத்தவன் இனி அடிக்கக் கொடுக்க வேண்டும். நிறையப் பேருக்கு மனம் ஒப்பாது. செகாவாவுக்கு ஒப்பியது. சிசூருவிடம் போனைக் கொடுத்து அவளையும் நன்றி சொல்லச் சொன்னான். ஹொகுரிகுவுக்குப் போன முதல் நாள் அரிமுராவின் முன்னால் தலை முட்டியில் படுமளவு குனிந்தான். "எந்திரிடா, ஆளுங்க பார்க்கறாங்க" என்று அரிமுரா அவனைத் தூக்கி நிறுத்தினான்.

மூன்று ஆண்டுகள் அப்படி ஓடின. செகாவா நன்றாகவே போட்டுக்கொடுத்தான். அடிக்கிறவர்களுக்கு அவனைப் பிடித்திருந்தது. அரிமுரா தலைமைப் பயிற்சியாளரானான்.

பிப்ரவரி முகாமில் ஒரு மதியம், கறிசோறு வரிசையில் வாங்கிக்கொண்டு வந்து செகாவாவின் எதிரில் ஹோசோயா உட்கார்ந்தான். ஹொகுரிகுவின் பழைய மட்டைக்காரன், வாய் ஓயாதவன்.

"செகாவாண்ணே, இப்பல்லாம் உங்க விரலு எப்பவும் நிமிர்ந்தே நிக்குது."

"எந்த விரலு?"

"அதான், கையுறைக்கு வெளிய விடுவீங்களே, இடது ஆள்காட்டி விரல். வேகப்பந்துன்னா நிமிரும். விழுபந்துக்குக் கையுறைக்குள்ள வலது கை விரலை விரிக்கறப்போ அது படுத்துக்கும். படுத்துச்சுன்னா நாங்க மட்டையை எடுக்கவே மாட்டோம்." ஹோசோயா சிரித்தான். "அரிமுரா கோச் நம்ம அணிக்கு வந்த மொத வருஷமே சொல்லிட்டாருல்ல. நாலு வருஷம் உங்களால என் சராசரி எகிறுச்சு. உங்களுக்கு ஒருநாள் பெரிய விருந்து வைக்கணும்ண்ணே."

செகாவாவின் முகத்தைப் பார்த்ததும் ஹோசோயாவின் கரண்டி பாதியில் நின்றது. "உங்களுக்குத் தெரியாதா? எல்லாம் முடிஞ்சப்புறம் கோச் சொல்லியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்."

"சோறு ஆறுது, சாப்பிடு" என்றான் செகாவா.

அறைக்குப் போய்க் கையுறையை மாட்டிக் கண்ணாடி முன் நின்றான். பந்தைச் சும்மா பிடித்தான். விரல் நிமிர்ந்தது. விரித்துப் பிடித்தான். விரல் படுத்தது. குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். வெளியே விட்ட விரலின் மேல் தோல் மூடி வைத்துத் தைத்த கையுறை எந்தக் கடையிலும் கிடைக்கும். ஒரே நாளில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அதற்காகத் தோளைத் தூக்கி, முழங்கையை அறுத்து, முராஒகாவை இளவட்டங்கள் முன்னால் அவமானப்படுத்தி, அவர் பிழைப்பையும் கெடுத்திருக்கிறான்.

அரிமுராவை உடனே வெறுக்க அவனால் முடியவில்லை. அன்று பொழுது முழுக்க அவனுக்காக இவனே வக்கீல் வேலை பார்த்தான். புது அணிக்குப் போனவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். சரி. ஆனால் ஜனவரி? ஒருவேளை என்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு ஜனவரியும் வந்தானோ? வந்து, பானையைப் பார்த்து, சிசூருவைப் பார்த்து, வாய் வராமல் திரும்பிப் போனானோ? அப்படி இருந்தால் போதும் என்று செகாவாவுக்குத் தோன்றியது. போன முழங்கை போகட்டும். அந்த ஜனவரிகளாவது பொய்யில்லை என்று தெரிந்தால் மீதியை முழுங்கிவிடலாம்.

மறுநாள் காலை, பயிற்சிக்கு முன்னால், பந்துக் கூடைகளுக்குப் பக்கத்தில் அரிமுரா தனியாக நின்றான். செகாவா நேரே போனான்.

"விரல் விஷயத்தை ஹோசோயா சொன்னான்."

அரிமுரா மறுக்கவில்லை. "இங்க வந்து எதிர்ப்பக்கத்துல இருந்து பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது. பந்தைக் கேக்கறவனே நானா இருந்தப்போ உன் விரலை எதுக்குப் பார்க்கப்போறேன்? சொன்னேன். நான் இங்க இடம் பிடிக்கணும். வெறுங்கையோட வந்த கேட்சரை எவன் மதிப்பான்?"

"அதை நான் கேக்கலண்ணே. அது உங்க தொழில்."

"அப்புறம் என்ன? என்னைத் தள்ளிவிட்டப்போ நீ அணிக்கே முதல் ஆள். ஆபீசுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டியா? ஸ்டேஷன்ல அழுதே. அழுதா ஆச்சா?"

அது செகாவாவை நிஜமாகவே குத்தியது. கேட்கவில்லைதான். கேட்கலாம் என்றே அவனுக்கு அன்று தோன்றவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்கல. தப்புதான். இந்த வேலையை எதுக்கு வாங்கிக் கொடுத்தீங்க?"

"பாவமா இருந்துச்சு."

மைதானத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரோ தூரத்திலிருந்து வணக்கம் சொன்னார்கள். இருவரும் தொப்பியைத் தொட்டுப் பதில் சொன்னார்கள். பிறகு செகாவா, மனதில் மிச்சம் வைத்திருந்த ஒரே கேள்வியைக் கேட்டான்.

"ஜனவரில எதுக்கு வந்தீங்க? நீங்க வராம இருந்திருக்கலாமே. வேலை இருக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஏதாவது சொல்லியிருக்கலாமே. என்னைப் பார்த்துட்டு எதுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க?"

அரிமுரா அவனை நேராகப் பார்த்தான். சலிப்பாகத்தான் சொன்னான், கோபமே இல்லை.

"நான் வரலைன்னா நீ சந்தேகப்பட்டிருப்பேடா."

செகாவா அங்கேயே நின்றான். தான் ஆட்டத்தை விட்ட பிறகு அரிமுரா ஒரு ஜனவரிகூட எஹிமேக்கு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயிற்சியாளருக்கு நேரம் ஏது என்று தானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான். மூன்று கிண்ணம் சாப்பிட்டது, முலாம்பழம், முதுகில் தட்டினது எல்லாமே கையுறை மாறாமல் இருப்பதற்குத்தான். பத்து வருஷம் முழங்கால் வீங்கப் பந்து பிடித்தவனும் இதே அரிமுராதான் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"சாப்பிட்டது செரிச்சுதா உனக்கு?" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை 'நீ' என்று சொன்னான்.

பயிற்சி தொடங்கியது. இளம் மட்டைக்காரன் ஒருவன் வந்து நின்று, "அண்ணே, நடுவுல போடுங்க" என்றான். செகாவா போட்டான். பந்து அவன் முதுகுப்பக்கமாகப் போனது. சிரித்தார்கள். அடுத்தது தரையில் குத்தியது. அடுத்தது வலைக்கூண்டுக்கு மேலே போனது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. விரலைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், மறுபடி போட்டான். கூடையில் பாதிப் பந்து காலியாகியும் ஒன்றுகூட அடிக்கக்கூடிய இடத்தில் விழவில்லை. அந்தப் பையன் மட்டையைக் கீழே இறக்கிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். "உன்மேல தப்பில்லப்பா" என்று செகாவா அவனிடம் சொன்னான். தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டு மைதானத்தைவிட்டு வெளியே வந்தான்.

பஸ் நிறுத்தத்திலிருந்து சிசூருவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். அவள், "நான் அவருக்குச் சூடா இருக்கட்டும்னு ரெண்டாவது தடவை அடுப்புல வெச்சுக் கொடுப்பேன்" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவளை அழவைத்ததற்காகத்தான் அரிமுராவை முதன்முதலாக முழுசாக வெறுத்தான்.

இப்போது எஹிமேயில் அப்பாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். முராஒகாவின் வீட்டைத் தேடிப் போய் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். அவர், "நடந்தது நடந்துபோச்சு, உள்ள வா" என்று மிட்டாயை நீட்டினார். ஊர்ப் பிள்ளைகள் பந்து வீசக் கற்றுக்கொடுக்கச் சொல்லி வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறான். ஏன் என்று கேட்டால் முழங்கை என்கிறான். முழங்கை எப்போதோ ஆறிவிட்டது. எதிரில் யாராவது குந்தி உட்கார்ந்து, "போடுங்க, நான் பிடிக்கிறேன்" என்று சொன்னால் அவனால் கையைத் தூக்க முடிவதில்லை.